தனியார் விமானி உரிமம்: எதை முடித்த பிறகு எதைத் தொடங்குவது

நான் பறக்கக் கற்றபோது வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன். முதலில் பள்ளிக்குப் பணம் கட்டினேன், அடுத்து பாடங்களைத் தொடங்கினேன், மருத்துவப் பரிசோதனையைப் பற்றி அதன் பிறகே யோசித்தேன். எந்த வகை உரிமம் எனக்குப் பொருந்தும் என்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் படித்தேன். 14ஆவது பறப்பு மணியின் முடிவில், இனி நீங்கள் தனியாகப் பறக்கலாம் என்று பயிற்றுநர் சொன்ன அன்று என்னிடம் மருத்துவச் சான்றிதழ் இல்லை. விண்ணப்பித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட கண் அறுவைச் சிகிச்சையின் அறிக்கையை இணைக்காததால் அது 11 வாரம் நிலுவையில் கிடந்தது. திரும்பி வந்தபோது தரையிறக்கம் கையை விட்டுப் போயிருந்தது. அதை மீட்க மட்டும் 6 மணி நேரத்துக்குக் கூடுதலாகப் பணம் கட்டினேன். அந்த 11 வாரமும் 6 மணியும் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எதற்காகப் பறக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

மூன்று கேள்விகளுக்கு விடை போதும். எந்த நாட்டில் பறப்பீர்கள்? உங்களோடு எத்தனை பேரை ஏற்றிச் செல்ல விரும்புகிறீர்கள்? பின்னாளில் இதைத் தொழிலாக்கும் எண்ணம் உண்டா? தனியார் விமானி உரிமத்தை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கோ கூலிக்கோ பறக்க முடியாது. தொழிலாகப் பறக்க வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு ஐரோப்பாவின் தனித்தனிக் கட்டப் பயிற்சி முறையில் 200 மணியும், அமெரிக்காவின் பொது விதியில் 250 மணியும் பறந்திருக்க வேண்டும். தொழில் எண்ணம் இருப்பவர்கள், இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும் என்று யார் சொன்னாலும், முதல் வகுப்புப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துகொள்வது நல்லது. 100 மணி பறந்து பணத்தையெல்லாம் செலவழித்த பிறகு நிறப் பார்வைக் குறைபாடு தெரியவருவதை விட, ஒரு மணிக்கும் பணம் கட்டாத நிலையில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

2. உரிம வகையைத் தேர்ந்தெடுங்கள்

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வகுத்த தரம்தான் எல்லா நாட்டுத் தனியார் விமானி உரிமங்களுக்கும் அடித்தளம்: குறைந்தது 17 வயது, 40 பறப்பு மணி, அல்லது அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் 35 மணி. அதில் 10 மணி தனிப்பறப்பாக இருக்க வேண்டும். 270 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு தனித் தொலைதூரப் பயணமும், வழியில் வேறு இரண்டு விமானதளங்களில் இறங்கி நின்று கிளம்புவதும் அடங்கும். நாடுகள் இதன்மேல் கூட்டிக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசாவின் விதியில் 45 மணி. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதியில் 40 மணி, அதற்குள் 3 மணி இரவுப் பறப்பும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் 3 மணி கருவிப் பறப்பும் அடங்கும். இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ 40 மணியோடு பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையும் கேட்கிறது.

இவற்றுக்குக் கீழே, குறைந்த மணியில் முடியும் எளிய உரிமங்களும் உண்டு. ஐரோப்பாவின் இலகு விமான உரிமமான எல்ஏபிஎல் 30 மணியில் கிடைக்கும். 2,000 கிலோ வரையிலான விமானத்தில், உங்களைத் தவிர மூவரை ஏற்றிச் செல்லலாம். ஆனால் உரிமம் பெற்ற பிறகு 10 மணி நேரம் தலைமை விமானியாகப் பறந்து முடிக்கும் வரை பயணிகளை ஏற்றக் கூடாது. இயாசா நாடுகளுக்கு வெளியே அது செல்லாது. அமெரிக்காவின் ஸ்போர்ட் பைலட் சான்றிதழுக்கு விதிப்படி 20 மணி போதும். ஓட்டுநர் உரிமமே மருத்துவத் தகுதியாக ஏற்கப்படும். ஆனால் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். வார இறுதியில் தெளிந்த வானில் ஒருவரோடு பறந்து வந்தால் போதும் என்பவருக்கு இவை முழு உரிமத்துக்கு எந்த விதத்திலும் தாழ்ந்தவை அல்ல. குடும்பத்தோடு எல்லை தாண்டிப் பறக்க விரும்புபவர் நேராக முழு உரிமத்துக்கே போவது நல்லது. நடுவில் மாறினால் கூடுதல் பயிற்சி, இன்னொரு தேர்வு, இன்னொரு கட்டணம் என்று நீளும்.

தேர்வுக்கு முன் ஓர் அடிப்படை விதியைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஓட்டும் விமானம் எந்த நாட்டில் பதிவானதோ, அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்பளித்த உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு ஒப்பந்தத்தில் உள்ள பொது விதி. வால்புறத்தில் 'என்' என்று தொடங்கும் எண் இருந்தால் அது அமெரிக்கப் பதிவு. 'விடி' என்றால் இந்தியப் பதிவு. ஒரு நாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் பெற்று வேறொரு நாட்டில் பறக்க நினைப்பவர், மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இயாசா நாடுகளில், வெளிநாட்டுத் தனியார் உரிமத்தை மாற்ற 100 மணி அனுபவம், வான்சட்டம், மனிதச் செயல்திறன் ஆகிய இரண்டு பாடங்களில் தேர்ச்சி, செய்முறைத் தேர்வு, மருத்துவச் சான்று, மொழித் தேர்ச்சி என அனைத்தும் வேண்டும். 45 மணியில் உரிமம் பெற்றவருக்கு அந்த 100 மணி சிறிய தொலைவு அல்ல.

3. பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள்

உங்கள் குடும்ப மருத்துவர் தரும் சான்று செல்லாது. விமானப் போக்குவரத்து ஆணையம் நியமித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். போகும்போது கண்ணாடிக்கான மருந்துச்சீட்டு, இதுவரை செய்துகொண்ட எல்லா அறுவைச் சிகிச்சைகளின் அறிக்கைகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், தொடர் சிகிச்சையில் இருந்தால் உங்கள் மருத்துவர் அண்மையில் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டால், அந்த இடத்திலேயே சான்றிதழ் கிடைக்க வேண்டியவருக்கும் கோப்பு ஆணையத்தின் மருத்துவப் பிரிவுக்குப் போய்விடும். அங்கிருந்து பதில் வர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

இங்கே இருக்கும் பொறி பலருக்கும் தெரிவதில்லை. அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமத்தை வைத்து ஸ்போர்ட் பைலட்டாகப் பறக்கலாம் என்றேன். ஆனால் நீங்கள் முன்பு மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து, கடைசியாகச் செய்த அந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால், அந்த வழியும் அடைபட்டுவிடும். விண்ணப்பிக்காமலே இருந்தவருக்குத் திறந்திருக்கும் கதவு, விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்கு மூடிவிடும். ஆகவே உடல்நிலையில் ஏதேனும் ஐயம் இருந்தால், படிவத்தை நிரப்புவதற்கு முன் விமான மருத்துவரிடம் ஆலோசனை மட்டும் கேட்பதற்கு நேரம் வாங்குங்கள். ஆலோசனைக்காகவே வந்திருக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். பழைய நோயைச் சொன்னால் பெரும்பாலும் கூடுதல் ஆவணம்தான் கேட்பார்கள். மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் உரிமமே போய்விடும். ஒவ்வாமைக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் தூக்கம் வரவழைப்பவை பல உண்டு. அவற்றைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள் மாற்று மருந்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

சான்றிதழ் செல்லும் காலம் வயதைப் பொறுத்தது. அமெரிக்காவில் தனியார் விமானிக்குத் தேவையான மூன்றாம் வகுப்புச் சான்று 40 வயதுக்கு உட்பட்டவருக்கு 60 மாதமும், அதற்கு மேல் 24 மாதமும் செல்லும். இயாசாவின் இரண்டாம் வகுப்புச் சான்று 40 வரை 60 மாதம், 50 வரை 24 மாதம், அதன் பிறகு 12 மாதம்.

4. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

கடவுச்சீட்டு, பிறந்த தேதிச் சான்று, கல்விச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், மருத்துவச் சான்று ஆகியவை எங்கும் தேவைப்படும். இவற்றில் உங்கள் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். முதலெழுத்து ஓர் ஆவணத்தில் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் இருப்பது, தேர்வுக் கூடத்தின் வாசலில் உங்களைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணம். கடவுச்சீட்டில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டால் பிற்காலத்தில் உரிமத்தை வேறு நாட்டுக்கு மாற்றும்போதும் சிக்கல் வராது.

அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்க எண்ணும் வெளிநாட்டவர், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏவின் பின்னணிச் சோதனையை முடித்து அனுமதி பெற்ற பின்பே உரிமத்துக்கான பறப்புப் பயிற்சியைத் தொடங்க முடியும். சுற்றுலா விசாவில் போய் முழுப் பயிற்சியை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உரிமத்துக்கான படிப்புக்கு மாணவர் விசாவே முறை. அதற்கான காலத்தையும் உங்கள் அட்டவணையில் சேருங்கள்.

5. பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள்

நல்ல வானிலை உள்ள ஒரு நாளில் போய், அரை நாள் அங்கே உட்கார்ந்திருங்கள். விமானங்கள் பறக்கின்றனவா, கொட்டகையில் நிற்கின்றனவா என்பது ஒன்றே பல விளம்பரங்களை விட அதிகம் சொல்லும். எத்தனை விமானம் என்பதோடு, இன்று பறக்கும் நிலையில் எத்தனை என்றும் கேளுங்கள். ஒரு விமானம் பராமரிப்புக்குப் போனால் மாற்று விமானம் உண்டா, உங்கள் பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டால் யார் தொடர்வார், வானிலையால் ரத்தான பாடத்துக்குக் கட்டணம் உண்டா, தனிப்பறப்பின்போது விமானம் சேதமடைந்தால் காப்பீடு ஏற்காமல் உங்கள் தலையில் விழும் தொகை எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் உடல் எடையையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். செஸ்னா 152 போன்ற இரண்டு இருக்கை விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 757 கிலோ மட்டுமே. நீங்களும் பயிற்றுநரும் கனமானவர்கள் என்றால், முழுத் தொட்டி எரிபொருளோடு அதில் கிளம்ப முடியாது. மணிக்கட்டணம் கூடிய செஸ்னா 172-க்கு மாற நேரும்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். நான் முதலில் சேர்ந்த பள்ளி தள்ளுபடி தருவதாகச் சொன்னதால் 20 மணிக்கான தொகையை மொத்தமாகக் கட்டினேன். ஒரு திங்கட்கிழமை கதவு பூட்டியிருந்தது. மீதிப் பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை. பணத்தை விட எனக்குப் பெரிய இழப்பு, என் பயிற்சிப் பதிவுகள் உள்ளே மாட்டிக்கொண்டதுதான். 5 மணி, அதிகம் போனால் 10 மணி அளவுக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்றுநரின் கையொப்பத்தைப் பறப்புப் பதிவேட்டில் வாங்கி, அந்தப் பக்கத்தை அங்கேயே படமெடுத்து வையுங்கள்.

6. செலவைக் கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் வரும் தொகை விதியின் குறைந்தபட்ச மணியைக் கொண்டு போட்டது. குறைந்தபட்சத்தில் முடிப்பவர்கள் மிகச் சிலர். 60 மணியைத் தாண்டுவது வழக்கமான ஒன்று. ஆகவே 65 மணிக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள், 40 மணிக்கு மட்டும் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். நடுவில் பணம் தீர்ந்து நிறுத்துபவருக்குத்தான் மிக அதிகமாகச் செலவாகிறது, ஏனெனில் திரும்பி வரும்போது பழைய மணிகளில் ஒரு பகுதியை அவர் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும்.

மணிக்கட்டணத்தில் எரிபொருள் சேர்ந்ததா என்பதும், எந்த மீட்டரைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பதும் முக்கியம். ஹாப்ஸ் மீட்டர் பொதுவாக எஞ்சின் ஓடும் நேரம் முழுவதையும் கடிகாரம்போல எண்ணும். டேக்கோ மீட்டரோ எஞ்சினின் சுழற்சியைப் பொறுத்து ஓடும். தரையில் மெதுவாக உருளும்போது அது மெதுவாகவே நகரும். எனது ஒரு நாள் பாடத்தின் கட்டணச் சீட்டை இங்கே விரித்துக் காட்டுகிறேன். ஹாப்ஸ் 1.4 மணி காட்டியது. அதில் ஓடுபாதை வரை உருண்டதும், மற்ற விமானங்களுக்காகக் காத்து நின்றதும், திரும்பி வந்து உருண்டதும் 0.4 மணி, வானில் இருந்தது 1.0 மணி. பயிற்றுநருக்கு, பறப்புக்கு முன்னும் பின்னும் பேசியதையும் சேர்த்து, 2.0 மணி. அதன்மேல் வெளித் தளத்தில் இறங்கிய கட்டணம். ஒரு மணி நேரப் பாடம் என்று நான் நினைத்துப் போனது, சீட்டில் 1.4 விமான மணியாகவும் 2.0 பயிற்றுநர் மணியாகவும் வந்தது. நெரிசலான பெரிய தளத்தில் மணிக்கட்டணம் குறைவாகத் தோன்றினாலும், காத்து நிற்கும் நேரம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும் என்பதை அந்தச் சீட்டுதான் எனக்குக் கற்றுத் தந்தது.

இவை தவிர மருத்துவக் கட்டணம், எழுத்துத் தேர்வுக் கட்டணம், செய்முறைத் தேர்வாளரின் கட்டணம், தேர்வு நாளில் விமான வாடகை, ஹெட்செட், வரைபடங்கள், பதிவேடு, காப்பீடு, உரிமம் வழங்கும் கட்டணம் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்செட்டைத் தொடக்கத்தில் பள்ளியிடமே இரவல் வாங்கலாம்; விலை உயர்ந்ததை முதல் மாதமே வாங்கத் தேவையில்லை.

7. எழுத்துத் தேர்வைத் தனிப்பறப்புக்கு முன்பே முடியுங்கள்

அமெரிக்காவில் 60 கேள்விகள் கொண்ட ஒரே தாள். 70 சதவீதம் எடுக்க வேண்டும். தேர்ச்சி 24 மாதம் செல்லும். இயாசா முறையில் 9 பாடங்கள், மொத்தம் 120 கேள்விகள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம். எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்த பின் உரிமத்துக்கு 24 மாத அவகாசம். தேர்ச்சியின் காலம் தீர்வதற்குள் செய்முறைத் தேர்வு முடியாவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். ஆகவே, பறப்பு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே எழுதிவிடுவதும் சரியல்ல. பறப்பின் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதும் சரியல்ல. வானிலையையும் வழிகாணலையும் தரையில் புரிந்துகொண்டவர், மணிக்கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைப் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியிருக்காது.

வானொலி உரையாடல் பலருக்குப் பறப்பதை விடக் கடினமாக இருக்கிறது. பல நாடுகளில் அதற்குத் தனி உரிமமும் தேர்வும் உண்டு. மொழித் தேர்ச்சியில் ஐசிஏஓவின் நான்காம் நிலை குறைந்தபட்சம். ஆறாம் நிலை பெற்றவர் மறுதேர்வு எழுத வேண்டியதில்லை.

8. இடைவெளி விடாமல் பறங்கள்

வாரத்துக்கு மூன்று பாடம் பதிவு செய்தால், வானிலையாலும் பழுதாலும் போக இரண்டு நடக்கும். அந்த வேகத்தில் 5 அல்லது 6 மாதத்தில் முடிக்கலாம். வாரம் ஒன்று பதிவு செய்தால் சில வாரம் ஒன்றுமே நடக்காது; ஒவ்வொரு பாடத்திலும் முதல் 20 நிமிடம் போன முறை படித்ததை நினைவுபடுத்தவே போய்விடும்; ஓராண்டைத் தாண்டும். விமான நேரத்தைக் காலைப் பொழுதில் பதிவு செய்யுங்கள். வெயில் ஏறாத காற்று அமைதியாக இருக்கும்.

எஞ்சினை இயக்கும் வரை மீட்டர் ஓடாது என்பதால், பாடத்துக்கு 40 நிமிடம் முன்பே போய் விமானத்தைச் சுற்றிப் பார்த்து முடித்துவிடுங்கள். இறக்கையின் அடியில் உள்ள வடிகாலைச் சிறிய கண்ணாடிக் குவளையால் அழுத்தினால் எரிபொருள் சிறிது இறங்கும். 100எல்எல் எனப்படும் விமானப் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது நிறமில்லாத சிறு முத்தாக அடியில் உருளும். குவளையை வானத்தின் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் அது தெரியும். முழுவதும் நிறமற்றதாகத் தெரிந்தால், குவளை நிறையத் தண்ணீராகவே இருக்கலாம், அல்லது வேறு எரிபொருளாக இருக்கலாம். உடனே பயிற்றுநரை அழையுங்கள். இதை அவசரமில்லாமல் செய்யக் கிடைப்பது அந்த 40 நிமிடம்தான்.

தனிப்பறப்பு பலருக்கு 15 முதல் 25 மணிக்குள் வருகிறது. பிறர் எத்தனை மணியில் பறந்தார்கள் என்று கேட்டு மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் தனிப்பறப்புக்கான பயிற்றுநரின் ஒப்புதல் 90 நாள்தான் செல்லும். நடுவில் ஊருக்குப் போவதாக இருந்தால் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனித் தொலைதூரப் பயணத்துக்கு முழு நாளும் வானிலை நன்றாக இருக்க வேண்டும் என்பதால், அதற்கு இரண்டு மூன்று மாற்றுத் தேதிகளை முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள். அன்று வானம் ஐயமாக இருந்தால், எத்தனையாவது முறை தள்ளிப்போகிறது என்று எண்ணாமல் ரத்து செய்யுங்கள்.

9. செய்முறைத் தேர்வு

தேர்வாளர் கிடைக்கப் பல இடங்களில் வாரக்கணக்கில் ஆகிறது. ஆகவே தொலைதூரப் பயணங்கள் தொடங்கும்போதே தேதி கேளுங்கள். அமெரிக்க விதியில், தேர்வுக்கு முந்தைய 2 மாதத்துக்குள் பயிற்றுநரோடு 3 மணி ஆயத்தப் பறப்பு இருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் அந்த 3 மணியும் பழையதாகிவிடும். முந்தைய நாள், பதிவேட்டில் ஒவ்வொரு தேவையும் எந்தப் பக்கத்தில் நிறைவேறியது என்று ஒட்டுத்தாள் வைத்து அடையாளமிடுங்கள். நான் கூட்டலில் 0.2 மணி தவறியிருந்ததைப் பயிற்றுநர் முந்தைய மாலையில் கண்டுபிடித்தார். தேர்வாளர் கண்டுபிடித்திருந்தால் அன்றைய தேர்வே நடந்திருக்காது. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகளும் உங்கள் பொறுப்பில் கேட்கப்படும். அவற்றை முன்பே வாங்கிப் படியுங்கள்.

தேர்வின் நடுவே வானிலை கெட்டால், நிறுத்திக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லலாம், அது தோல்வியாகாது. அமெரிக்காவில் அதற்கு ஒரு கடிதம் தருவார்கள். 60 நாளுக்குள் திரும்பி வந்தால், முடித்த பகுதிகளை மறுபடியும் செய்ய வேண்டியதில்லை.

10. உரிமம் கையில் வந்த பிறகு

அமெரிக்காவில் அன்றே தரப்படும் தற்காலிகச் சான்றிதழ் 120 நாள் செல்லும். நிரந்தர அட்டை அதற்குள் வரவில்லை என்றால் காத்திருக்காமல் கேளுங்கள். பயணிகளை ஏற்ற, முந்தைய 90 நாளில் 3 முறை கிளம்பி இறங்கியிருக்க வேண்டும்; 24 மாதத்துக்கு ஒரு முறை பயிற்றுநரோடு மறுபார்வைப் பறப்பும் உண்டு. இயாசாவின் ஒற்றை எஞ்சின் தகுதி இரண்டாண்டு செல்லும். இரண்டாம் ஆண்டில் 12 மணி பறந்து, அதில் 6 மணி தலைமை விமானியாகவும் ஒரு மணி பயிற்றுநரோடும் பறந்து, 12 முறை கிளம்பி இறங்கியிருந்தால் செய்முறைத் தேர்வில்லாமல் புதுப்பிக்கலாம். இயாசா உரிமத்தோடு இரவில் பறக்கத் தனித் தகுதி வேண்டும். அதற்கு 5 மணி இரவுப் பயிற்சி. இந்தத் தேதிகளையும் மருத்துவச் சான்று முடியும் தேதியையும் பதிவேட்டின் முதல் பக்கத்தின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.